போத்தலின் அடியில் தங்கிய மருந்து: ஒரு பீனோபார்பிட்டோன் கலவை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022இன் நடுப்பகுதியில் கொழும்பிலுள்ள ஒரு வைத்தியசாலையில் நடந்தது இது. பிள்ளையையோ குடும்பத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்திருக்கிறேன். நான் அங்கே மருந்தாளர். கலவைகள் தயாரிக்கும் பிரிவு வேறு. வாட்டுகளிலிருந்தும் கிளினிக்குகளிலிருந்தும் மருந்து பற்றி வரும் கேள்விகளுக்கு விடை தேடிக் கொடுப்பதுதான் என் வேலை.

நாட்டில் டொலர் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த நேரம் அது. பல மருந்துகள் வரவில்லை. வந்தவையும் ஒழுங்காக வரவில்லை. வலிப்புள்ள சிறுபிள்ளைகளுக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டோன் பாணியை எங்கள் இடத்திலேயே தயாரித்தார்கள். பீனோபார்பிட்டோன் 1912இலிருந்து பாவனையில் உள்ள பழைய மருந்து. விலை குறைவு, நன்றாக வேலை செய்யும். ஆனால் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு: ஒரு கிராமைக் கரைக்க ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் வேண்டும். அதன் சோடியம் உப்போ ஒரு கிராமுக்கு ஒரு மில்லிலீற்றர் தண்ணீர் இருந்தால் கரைந்துவிடும். ஆகவே சோடியம் உப்பை எடுத்து, மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் சாதாரண சீனிப் பாணியில் கரைத்து 100 மில்லிலீற்றர் போத்தல்களில் கொடுத்து வந்தார்கள். அது பல காலம் பிரச்சினை இல்லாமல் நடந்த முறை.

பிள்ளைக்கு வயது 14 மாதம், எடை 10 கிலோ. கொட்டாஞ்சேனையில் தாய், தகப்பன், அம்மம்மாவோடு வாழ்கிறது. ஒரு வேளைக்கு 2.5 மில்லிலீற்றர், அதாவது 25 மில்லிகிராம், காலையும் இரவும். இந்த அளவில் ஐந்து மாதமாக வலிப்பு வரவில்லை.

கிளினிக்கில் கண்டது

ஆறாவது மாதத்தில் வலிப்பு திரும்பியது. முதலில் ஒரு தடவை, அடுத்த நாள் இரண்டு தடவை. காய்ச்சல் இல்லை, வயிற்றோட்டம் இல்லை, புதிதாக வேறு மருந்தும் தொடங்கவில்லை. இரத்தத்தில் மருந்தின் அளவு லீற்றருக்கு 9 மில்லிகிராம் என்று வந்தது. பொதுவாக எதிர்பார்ப்பது 15இலிருந்து 40 வரை. வைத்தியர் மருந்தளவைக் கூட்டலாமா என்று யோசித்தார். அதற்குமுன் தாயிடம், மருந்தைத் தவறாமல் கொடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

இரண்டு கிழமை கழித்து அதே பிள்ளை வேறொரு கோலத்தில் வந்தது. தூக்கினால் தலை நிற்கவில்லை, பால் குடிக்கவில்லை, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடியது. முந்திய நாள் மாலையிலிருந்து நித்திரை. இரத்தத்தில் அளவு 46. சுவாசம் சீராக இருந்ததால் வாட்டில் வைத்துப் பார்த்தார்கள். அடுத்த இரண்டு நாளில் மெல்ல மெல்லத் தெளிந்தது.

மருந்தளவில் யாரும் கைவைக்கவில்லை. அப்படியிருக்க ஒரே மாதத்தில் 9, பிறகு 46. கிளினிக் புத்தகத்தில் அன்று எழுதப்பட்ட வரி: தாய் மருந்தை ஒழுங்காகக் கொடுப்பதில்லை எனச் சந்தேகம். இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனாலும் இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலித்த இடம் அந்த வரிதான். எல்லாவற்றையும் சரியாகச் செய்த ஒருவர்மேல் பழி விழுந்திருந்தது.

தாயின் கணக்கு

வாட்டுத் தாதி என்னைக் கூப்பிட்டது வேறொரு கேள்விக்காக. இந்தப் பிள்ளை குடிக்கும் வேறு ஏதாவது பீனோபார்பிட்டோனைக் கூட்டுமா குறைக்குமா என்று பார்க்கச் சொன்னார். போனபோது தாய் கட்டில் ஓரத்தில் இருந்தார். கேட்டவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து மடித்து வைத்த நாட்காட்டித் தாள்களை எடுத்தார். வலிப்பு வந்த நாட்களைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். புதுப் போத்தல் உடைத்த நாளில் ஒரு புள்ளடி. பிள்ளை சோர்ந்து கிடந்த நாட்களில் நீலக் கோடு.

"மிஸ், புதுப் போத்தல் தொடங்கி மூண்டு நாலு நாள் போனதும் வலிப்பு வருது. போத்தல் முடியிற நேரம் பாத்தா நித்திரைதான். நான் டொக்டரிட்ட சொன்னன். அவர் கணக்கெடுக்கேல்ல."

தாள்களைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்த்தோம். சிவப்பு வட்டங்கள் எல்லாம் புள்ளடிக்குப் பின்னால் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். நீலக் கோடுகள் எல்லாம் அடுத்த புள்ளடிக்கு முந்திய இரண்டு மூன்று நாட்களில். முதல் ஐந்து மாதத்தில் இப்படி எதுவும் இல்லை.

அந்தப் போத்தல் எங்கே என்று கேட்டேன். வீட்டில் இருந்தது. தகப்பன் புறக்கோட்டைக் கடையில் வேலை முடிந்து வரும்போது எடுத்து வந்தார். கூடவே அம்மம்மாவும் வந்தார். அவர் சொன்னதுதான் எல்லாவற்றையும் திறந்தது.

"அடியில சீனி உறைஞ்ச மாதிரிக் கிடந்தது, பிள்ளை. மருந்து வீணாப் போகக் கூடாதெண்டு கொஞ்சம் சுடுதண்ணி விட்டுக் கலக்கி எடுத்துக் குடுத்தன்."

போத்தலைத் திறந்தபோது

கபில நிறப் போத்தல், உள்ளே தோடம்பழ நிறத்தில் பாணி. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. முடிந்த போத்தலைக் கவிழ்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது அடி விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒட்டியிருந்தது. விரலால் தட்டினால் உதிரவில்லை. கண்ணாடிக் கோலால் சுரண்டி எடுத்துக் கைவில்லையில் பார்த்தால் மெல்லிய ஊசிகளும் தட்டைத் துண்டுகளும். சீனியாக இருந்தால் சில துளித் தண்ணீரில் கரைந்து போயிருக்க வேண்டும். இது அப்படியே கிடந்தது. இரண்டு துளி ஐதான சோடியம் ஐதரொட்சைட்டு விட்டதும் சட்டென்று கரைந்து தெளிந்தது. அதே குழாயில் அமிலம் சேர்த்ததும் வெண்மையாகத் திரும்பி வந்தது. கழுவி உலர்த்திய பகுதியின் உருகுநிலை 174இலிருந்து 178 பாகைக்குள் விழுந்தது. பீனோபார்பிட்டோனுக்கு எதிர்பார்க்கும் இடம் அதுதான்.

அடுத்து, அதே தொகுதியில் கொடுக்காமல் மீந்திருந்த போத்தலின் பிஎச் (அமில-கார அளவு) பார்த்தோம்: 5.8. பழைய முறையில் சாதாரண சீனிப் பாணியில் தயாரித்துப் பார்த்ததில் 9.1.

என்ன மாறியது என்று தயாரிப்புப் பதிவேட்டில் தேட வேண்டியிருக்கவில்லை. முதற் பக்கத்திலேயே இருந்தது. சாதாரண பாணி தயாரிக்கச் சீனி போதவில்லை. பிள்ளைகள் கசப்பென்று துப்புகிறார்கள் என்ற முறைப்பாடும் நெடுநாளாக இருந்தது. ஆகவே கையிருப்பில் இருந்த தோடம்பழச் சுவைப் பாணிக்கு மாறியிருந்தார்கள். மருந்து அதே மருந்து, அளவு அதே அளவு. தயாரித்தவர் வெளிச்சத்தில் பிடித்துத் தெளிவாக இருப்பதைப் பார்த்துத்தான் முத்திரை ஒட்டினார். அந்தத் தோடம்பழப் பாணியில் சிற்றிக் அமிலம் இருந்தது.

ஏன் படிந்தது

பீனோபார்பிட்டோன் ஒரு மென்னமிலம். அதன் பிகேஏ, அதாவது மருந்தில் பாதி அயனாகி நிற்கும் பிஎச், ஏறத்தாழ 7.4. பிஎச் அதற்கு மேலே போகப் போக மூலக்கூறுகள் அயனாகி, தண்ணீரோடு எளிதில் சேரும் வடிவத்துக்கு மாறும். கீழே இறங்க இறங்கப் புரோத்தனைத் திரும்பப் பெற்றுக் கரையாத அமில வடிவமாகிவிடும். சோடியம் உப்பாகப் போட்டோம் என்பது கரைசலுக்கு நினைவில் இருக்காது. கரைசலின் பிஎச் என்ன சொல்கிறதோ அந்த வடிவத்தில்தான் மருந்து இருக்கும்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவு. அயனாகாத வடிவம் மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் கரையும் என்று எடுப்போம். பிஎச் 7.4இல் மொத்தமாக 2 மில்லிகிராம் கரையும். 8.4இல் 11 மில்லிகிராம். 9.1இல் 50ஐத் தொடும். 5.8க்கு இறங்கினால் ஒரு மில்லிகிராமும் சொச்சமும்தான். எங்கள் கலவையில் இருந்ததோ 10. அதாவது பழைய பாணியில் தாங்கக்கூடியதில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் போட்டிருந்தோம். புதிய பாணியில் தாங்கக்கூடியதைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. பழைய கலவையையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிஎச் 8.4க்குக் கீழே சரிந்தால் அதிலும் படிவு வரத் தொடங்கும். அடிக்கடி திறந்து மூடும் போத்தலில் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டே மெல்ல மெல்ல அந்தப் பக்கம் இழுக்கும்.

அப்படியானால் தயாரித்த நேரத்தில் ஏன் தெளிவாக இருந்தது? பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. கரையக்கூடியதற்கு மேல் மருந்து இருந்தாலும் உடனே பளிங்காக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதலில் சிறு கரு ஒன்று உருவாக வேண்டும். பிறகு மூலக்கூறுகள் நகர்ந்து வந்து அதில் அடுக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு சீனியாக இருக்கும் தடித்த பாணியில் அந்த நகர்வு மிக மெதுவாக நடக்கும். நாங்கள் அதே முறையில் மீண்டும் தயாரித்துப் பார்த்தபோது முதல் அரை மணி நேரம் தெளிவு. பிறகு இலேசான மங்கல். மறுநாள் காலை அடியில் வெள்ளைப் படிவு. தயாரித்து, முத்திரை ஒட்டி, கொடுத்து அனுப்பும் வேலை எல்லாம் அந்தத் தெளிவான இடைவெளிக்குள் முடிந்துவிடும்.

வெப்பநிலையும் தன் பங்கைச் செய்தது. மருந்தைப் பிரிட்ஜில் வைத்தார்கள். பெரும்பாலான மருந்துகளைப்போல இதுவும் குளிரில் குறைவாகத்தான் கரையும். அந்த ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரைகூட மின்வெட்டு இருந்தது. பிறகு குறைந்தாலும் நிற்கவில்லை. பிரிட்ஜ் நின்று கொழும்பு வெக்கை ஏறும்போது சிறு பளிங்குகள் கரையும். திரும்பக் குளிரும்போது கரைந்தது பெரிய பளிங்குகளில் போய் ஒட்டும். இப்படித்தான் தூளாக இருந்திருக்க வேண்டியது கண்ணாடியில் இறுகிப் பிடித்தது.

தாயின் நாட்காட்டி இந்தக் கணக்கோடு வரிக்கு வரி பொருந்தியது. மேலே உள்ள தெளிந்த பாணியில் மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிகிராமளவு. பிள்ளைக்குக் கிடைத்தது வேளைக்கு 25க்குப் பதில் 2.5 மில்லிகிராம். பீனோபார்பிட்டோன் உடலை விட்டு மெதுவாக வெளியேறும். பிள்ளைகளில் பாதியாகக் குறைய இரண்டிலிருந்து மூன்று நாள். ஆகவே போத்தல் மாறிய அன்றே வலிப்பு வரவில்லை, நாலாம் நாள் வந்தது. 1000 மில்லிகிராமில் ஏறத்தாழ 900 அடியில். கடைசிப் பத்து மில்லிலீற்றரில் அது சுடுதண்ணீரோடு கலந்தால், 2.5 மில்லிலீற்றரில் 225 மில்லிகிராம் வரை இருக்கலாம்: ஒன்பது வேளை மருந்து ஒரே வேளையில். 10 கிலோப் பிள்ளையின் உடலில் அது பரவினால் இரத்த அளவு 30க்கு மேல் உயரும். வாட்டில் வந்த 46 அதற்குள் அடங்கும்.

அன்றே எடுத்த முடிவுகள்

முதலாவது, மருந்தளவைக் கூட்டும் யோசனை கைவிடப்பட்டது. கூட்டியிருந்தால் முதற் கிழமையில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. மேலே கரைந்திருந்தது அவ்வளவுதான். போத்தல் முடிவில் ஆபத்து மட்டும் பெருகியிருக்கும்.

இரண்டாவது, போத்தலை நிறுத்தினோம், மருந்தை நிறுத்தவில்லை. பீனோபார்பிட்டோனைத் திடீரென விட்டால் அதுவே வலிப்பைத் தூண்டும். இரத்த அளவு இறங்கியதும் 30 மில்லிகிராம் குளிசையில் காலை அரை, இரவு ஒன்று என்று வைத்தியர் மாற்றினார். தேக்கரண்டியில் நசுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, முழுவதையும் ஊட்டி, பிறகு கரண்டியைக் கழுவிய தண்ணீரையும் ஊட்டச் சொன்னோம். கரைந்ததா இல்லையா என்பது அங்கே பொருட்டல்ல. கரண்டியில் உள்ளது அனைத்தும் வயிற்றுக்குப் போகிறது.

மூன்றாவது, அந்தத் தொகுதியில் போத்தல் பெற்ற மற்றக் குடும்பங்கள். கொழும்பு கிளினிக் என்றால் கொழும்பார் மட்டும் வருவதில்லை. ஹட்டனிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் இரவு பஸ்ஸில் வருகிறார்கள். பதிவேட்டிலிருந்த தொலைபேசி எண்களுக்கெல்லாம் தமிழிலும் சிங்களத்திலும் பேசினோம். ஒரு குடும்பத்தின் எண் வேலை செய்யவில்லை. அப்பகுதி மருத்துவமாது வீட்டுக்கே போய்ச் சொன்னார். இன்னொரு பிள்ளைக்கும் வலிப்பு திரும்பியிருந்தது. அந்தத் தாயும் தன்னைத்தான் குறைசொல்லிக்கொண்டிருந்தார்.

புதிய கலவையைத் தேர்ந்தெடுத்தது

இதில்தான் அதிகம் விவாதித்தோம்.

சாதாரண பாணிக்கே திரும்பிப் போகலாம் என்பது முதல் யோசனை. சீனி கிடைத்தால் முடியும். ஆனால் பிஎச் 9இல் மருந்து கரைந்து நிற்கும். அதே காரத்தன்மையில் மூலக்கூற்றின் வளையம் நீர்ப்பகுப்பால் மெல்ல உடையும். கரைதிறனுக்கு நல்ல இடம் நிலைத்தன்மைக்குக் கெட்ட இடம். குறுகிய ஆயுளோடு கொடுக்க வேண்டும். தூரத்திலிருந்து வருபவர்களுக்கு அது கஷ்டம்.

கரைப்பானை மாற்றலாம் என்பது இரண்டாவது. பீனோபார்பிட்டோன் எதனோலில் (மதுசாரத்தில்) நன்றாகக் கரையும். பிரித்தானிய மருந்து நூலிலுள்ள எலிக்சிர் அந்த வழிதான்: 5 மில்லிலீற்றரில் 15 மில்லிகிராம் மருந்து, எதனோல் 38 வீதம். எங்கள் பிள்ளைக்கு 25 மில்லிகிராம் வேண்டுமென்றால் 8.3 மில்லிலீற்றர் கொடுக்க வேண்டும். அதோடு போகும் தூய எதனோல் ஏறத்தாழ 2.5 கிராம், நாளுக்கு இரண்டு தடவை, பேசவும் தெரியாத 10 கிலோக் குழந்தைக்கு. ஒருவரும் ஏற்கவில்லை. புரோப்பிலீன் கிளைகோல் என்ற கரைப்பானும் பேசப்பட்டது; குழந்தைகளின் உடல் அதை மெதுவாகத்தான் வெளியேற்றும். தட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கிருந்தோ வரும் கரைப்பானை நம்புவதில் வேறொரு அச்சமும் இருந்தது. 1937இல் அமெரிக்காவில், கரைய மறுத்த சல்பனிலமைட்டு என்ற கிருமிக்கொல்லி மருந்தை டைஎதிலீன் கிளைகோலில் கரைத்து விற்றதில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் பிள்ளைகள். நாங்கள் இதைப் பேசிய அதே ஆண்டின் ஒக்டோபரில், காம்பியாவில் பிள்ளைகளின் பாணி மருந்துகளில் அதே நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது.

நாங்கள் எடுத்த முடிவு வேறு: கரைப்பதையே விட்டுவிடுவது. நசுக்கிய குளிசையை நுண்ணிய தூளாக்கி, தடிப்பாக்கும் மெதைல்செலுலோசு சேர்த்த ஊடகத்தில் தொங்கலாக, அதாவது தூள் கரையாமல் திரவத்தில் பரவி நிற்கும்படி, வைப்பது. மருந்து வேண்டுமென்றே கரையாத அமில வடிவத்தில் இருக்கும். பிஎச் சற்று அமிலப் பக்கம் என்பதால் சிதைவும் குறைவு. தூள் கீழே இறங்கும், ஆனால் இறுகாது. குலுக்கினால் சீராகப் பரவும். வயிற்றில் கரையத் துகள் சிறிதாக இருக்க வேண்டும். கரையும் வேகம் மேற்பரப்பைப் பொறுத்தது என்பது நெடுங்காலமாகத் தெரிந்த விடயம். அடியில் இறுகிய ஊசிப் பளிங்கும் நுண்தூளும் ஒரே மருந்தானாலும் குடலில் ஒரே வேகத்தில் கரையாது. ஒரு நன்மை நாங்கள் தேடாமலே கிடைத்தது: கரையாத மருந்து நாக்கில் குறைவாகத்தான் கசக்கும். தோடம்பழப் பாணிக்கு மாறியதன் காரணமே அந்தக் கசப்புத்தான்.

பின்னர் நடந்தது

பிள்ளைக்கு மூன்று கிழமை குளிசை, பிறகு புதிய தொங்கல். அடுத்த இரத்தப் பரிசோதனையில் அளவு 22. அதற்குப் பின்னர் மூன்று மாதம் பார்த்தோம். வலிப்பு வரவில்லை, போத்தல் முடிவில் சோர்வும் இல்லை. தாய் நாட்காட்டியை விடவில்லை. புள்ளடிகள் மட்டும் இருந்தன.

வைத்தியர் கிளினிக் புத்தகத்திலிருந்த பழைய வரியை ஒற்றைக் கோட்டால் வெட்டி, கீழே காரணத்தை எழுதி ஒப்பமிட்டார். தாயிடமும் நேரில் சொன்னார். அது நடந்ததை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அடுத்த தடவை இன்னொரு வைத்தியர் அந்தப் புத்தகத்தைத் திறக்கும்போது, பிழை கலவையில் இருந்தது என்று வாசிப்பார்.

வலிப்பு மருந்தில் ஊடகம் மாறியதால் வந்த குழப்பம் உலகுக்குப் புதிதல்ல. 1968இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் பெனிற்றோயின் கப்சியூலின் நிரப்பியைக் கல்சியம் சல்பேற்றிலிருந்து லக்ரோசுக்கு மாற்றியதும் அதே அளவு மருந்தை விழுங்கிய நோயாளர்களுக்கு நஞ்சேறியது. பயிற்சிக்கு வரும் மருந்தாளர்களுக்கு இப்போது இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

மாற்றியவையும் மாற வேண்டியவையும்

பாணி, சுவை, நிறம், பாதுகாப்புப் பொருள் எதை மாற்றினாலும் அது புதிய கலவை என்றே பதிவாகிறது. கணக்குப் போட்டு, பிஎச் அளந்து, ஒரு போத்தலை அறையிலும் ஒன்றைப் பிரிட்ஜிலும் 48 மணிநேரம் நிற்கவிட்டு, பிறகுதான் வெளியே போகும். இது வேலையை நிறுத்துகிறது என்று தயாரிப்புப் பிரிவு சொல்வதில் நியாயம் உண்டு. அவசரத்துக்குக் குளிசையை நசுக்கிக் கொடுக்கும் வழியைத் தயாராக வைத்திருக்கிறோம்.

தொங்கல் போத்தல்களில் குலுக்கும்படி மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் ஒட்டுகிறோம். அடியில் எதுவும் இறுகிக் கிடந்தால் தண்ணீர் விடாமல் போத்தலோடு வரும்படி வாயாலும் சொல்கிறோம்.

இன்னும் செய்யாதது ஒன்று உண்டு. இரத்த அளவுக்கு மாதிரி எடுக்கும் படிவத்தில் கடைசி வேளை எத்தனை மணிக்கு என்று கேட்கிறது. போத்தல் எந்தக் கட்டத்தில் என்று கேட்கவில்லை. தொடக்கமா, நடுவா, முடிவா என்று ஒரு கட்டம் சேர்க்கக் கேட்டிருக்கிறேன். படிவம் மாறும் வரை, திரவ மருந்து குடிக்கும் பிள்ளைகளின் தாள்களில் அதைப் பேனாவால் எழுதச் சொல்லியிருக்கிறோம். வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டு வருபவர்களிடம் வாங்கிக் கவிழ்த்து அடியைப் பார்த்த பிறகே அடுத்ததைக் கொடுக்கிறோம்.